வீட்டு இணையம் நின்றுபோனால்... மகன் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை!

 

நமது இல்லங்களில் இணையம் இன்று எதற்கெல்லாம் பயன்படுகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வளைகுடாவிலிருக்கும் கணவரின் முகத்தை மனைவி காண்பதும், சிறுபிள்ளைகள் மாலையில் குர்ஆன் ஓதக் கற்பதும், மகள் கல்லூரிப் பாடங்களைப் பெறுவதும், அனுப்பிய பணம் வங்கியில் சேர்ந்துவிட்டதா என்று வாப்பா பார்ப்பதும் அதன் வழியாகத்தான். அது நின்றுபோகும் நாளில் வீட்டில் பாதி அலுவல்கள் நின்றுபோகின்றன.

கம்ப்யூட்டர் பயின்ற நம் பிள்ளைகள் சிலர், வீட்டில் பயனின்றிக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றி, அதனையே வீட்டு இணையத்தின் தலைவாசலாக ஆக்கிவிடுகின்றனர். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கம்பி அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைகிறது. அதிலிருந்து வை-ஃபை வழியாக மற்ற அனைவருக்கும் இணையம் பிரித்தளிக்கப்படுகிறது. 1991-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ், விலையின்றிக் கிடைப்பது. பழைய இயந்திரத்திலும் சோர்வின்றி ஓடுவது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இடம்பெற்றிருந்ததால், அதன் பெயர் நம் வீடுகளுக்குப் புதிதுமன்று. ஆபாசத் தளங்களை வாசலிலேயே தடுத்துவிடலாம், பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கலாம் என்பதற்காகவும் பலர் இவ்வாறு செய்கின்றனர். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால், இதை அமைத்துக் கொடுத்த பிள்ளை ஓராண்டில் துபைக்கோ ரியாதுக்கோ சென்றுவிடுகிறார். அமைத்தவர் அங்கே, அமைப்பு இங்கே. ஒரு நாள் இணையம் நின்றுவிட்டால் உம்மாவுக்கும் தங்கைக்கும் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. கடையிலிருந்து ஒருவரை அழைத்து வந்தால், அவர் லினக்ஸைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கி, “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்” என்கிறார். பெரும்பாலான வேளைகளில் அதற்குத் தேவையே இராது.

பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு. அதைச் சரிசெய்வது வேறு. சரிசெய்யப் படிப்பு வேண்டியிருக்கலாம். இடத்தைக் கண்டுபிடிக்க நிதானம் மட்டும் போதும். “இணையம் வரவில்லை” என்று மகனிடம் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. “மடிக்கணினியில் வருகிறது, எங்கள் போன்களில் வரவில்லை” என்று சொன்னால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

ஒரே தபால் பெட்டி, பல கடிதங்கள்

தலைவாசல் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்பதை முதலில் விளங்கிக் கொள்வோம். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே தபால்காரர் அறை அறையாக வருவதில்லை. கம்பெனிக்கு ஒரே ஒரு தபால் பெட்டி எண் இருக்கும். ஊரிலிருந்து நாற்பது பேருக்கு வரும் கடிதங்களும் அந்த ஒரே எண்ணுக்கு வந்து சேரும். அலுவலகத்தில் ஒருவர் அவற்றைப் பிரித்து, இது இன்னாருக்கு என்று கொண்டுபோய்க் கொடுப்பார்.

வீட்டு இணையமும் அவ்வாறே. நமக்கு இணைப்புத் தரும் நிறுவனம் வீட்டுக்கு ஒரே ஒரு முகவரியைத்தான் தருகிறது. பழைய முறை இணைய முகவரிகள் உலகம் முழுமைக்கும் ஏறத்தாழ 430 கோடிதான். அவை போதாமல் போகும் என்று முன்பே கணித்தவர்கள், ஒரு முகவரிக்குப் பின்னால் பல கம்ப்யூட்டர்கள் ஒளிந்து நிற்கும் முறையை 1994-இல் எழுதி வைத்தனர். வீட்டுக்குள் மட்டும் வழங்கும் முகவரிகளாக 192.168 என்றும், 10 என்றும் தொடங்கும் எண்களை 1996-இல் ஒதுக்கினர். லினக்ஸில் இந்த வேலைக்கு ‘மாஸ்கரேடு’, அதாவது வேடம் பூணுதல் என்று பெயர். உங்கள் போன் அனுப்பும் வேண்டுகோளைத் தலைவாசல் தன் பெயரில் வெளியே அனுப்பி, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்த்துவிடுகிறது.

ஆக, சங்கிலியில் நான்கு கண்ணிகள். உங்கள் போன், தலைவாசல் கம்ப்யூட்டர், ஃபைபர் பெட்டி, வெளியுலகம். எந்தக் கண்ணி அறுந்தது என்பதே கேள்வி.

கம்ப்யூட்டரைத் தொடும் முன்

எல்லோருக்கும் வரவில்லையா, ஒருவருக்கு மட்டும் வரவில்லையா என்று முதலில் விசாரியுங்கள். ஒருவருக்கு மட்டும் என்றால் பழுது அவருடைய போனில். தலைவாசலைத் தொடவே வேண்டாம்.

இந்த விசாரணையில் ஏமாற்றும் சாட்சி ஒன்று உண்டு. “எனக்கு வருகிறதே!” என்பாள் மகள். அவளுடைய போனில் மொபைல் டேட்டா திறந்திருக்கும். வை-ஃபையில் இணையம் இல்லை என்றதும் போன் சத்தமின்றி சிம் கார்டின் இணையத்துக்கு மாறிவிடும். அந்தச் சாட்சியத்தை நம்பி, அரைநாள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஆகவே எல்லாப் போன்களிலும் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, பிறகு கேளுங்கள்.

அடுத்து, மடிக்கணினியின் மூடி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். தூசி துடைக்கும்போது யாரேனும் மூடியை மூடினால், பெரும்பாலான மடிக்கணினிகள் உறங்கிவிடும். வீடு முழுவதற்கும் இணையம் நின்றுவிடும். மூடினாலும் உறங்காதவாறு அமைக்க வழி உண்டு. அதுவரை ‘மூடாதீர்கள்’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவது நலம்.

பின்னர் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். அதில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, ஒளி வரும் இழை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது என்று பொருள். கேபிளை எலி கடித்திருக்கலாம், தெருவில் மரக்கிளை விழுந்திருக்கலாம். அப்போது லினக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை; இணைப்புத் தரும் நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மின்சாரம் போய் வந்த உடனேயும் அவசரப்படாதீர்கள். பெட்டி விழித்துக்கொள்ளச் சில நிமிடங்களாகும்.

ஸலாமும் பதிலும்

விளக்குகள் சரியாக இருந்தும் இணையம் வரவில்லையெனில், இப்போது கம்ப்யூட்டரின் முன் அமரலாம். நமக்கு வேண்டிய கருவி ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் ‘பிங்’. மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் ஓசையால் அந்தப் பெயர் வந்தது. நமக்கோ அதைவிடப் பொருத்தமான உவமை இருக்கிறது. ஒருவர் வாசலில் நின்று ஸலாம் சொல்கிறோம். பதில் ஸலாம் வந்தால் உள்ளே ஆள் இருக்கிறார், வழியும் திறந்திருக்கிறது. பிங் செய்வது அவ்வளவுதான்.

டெர்மினல் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பிங் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, எண்ணை அடித்து என்டர் தட்டுங்கள். பதில்கள் வரி வரியாக வரும். லினக்ஸில் அது தானாக நிற்காது. கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி ஸி எழுத்தைத் தட்டினால் நிற்கும். இதனால் எதுவும் கெட்டுப்போகாது என்பதை உம்மாமார்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன்.

தலைவாசல் கம்ப்யூட்டரிலிருந்தே 8.8.8.8 என்ற எண்ணுக்கு ஸலாம் அனுப்புங்கள். இது கூகுள் நிறுவனம் 2009 முதல் பொதுமக்களுக்காக நடத்திவரும் பெயரேட்டின் முகவரி. பதில் வரவில்லையெனில் பழுது தலைவாசலுக்கு வெளியே, அல்லது தலைவாசலுக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இடையே. அந்தக் கம்பியைப் பிடுங்கி மீண்டும் செருகிப் பாருங்கள்.

பதில் வந்தால், எண்ணுக்குப் பதிலாக ஏதேனும் ஒரு பிரபலமான தளத்தின் பெயரை அடியுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வரவில்லையெனில், இணையம் இருக்கிறது; பெயரேடு மட்டும் கிடைக்கவில்லை. டெலிபோன் ஓடுகிறது, ஆனால் நம்பர் குறித்த நோட்டுப் புத்தகம் தொலைந்துவிட்டது என்பது போன்ற நிலை. இதுவே டி.என்.எஸ். பழுது எனப்படுவது.

இரண்டும் சரியாக இருந்தால், வீட்டிலுள்ள வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து தலைவாசலுக்கு ஸலாம் அனுப்புங்கள். உபுண்டு போன்ற லினக்ஸ்களில் இணையப் பகிர்வை ‘நெட்வொர்க் மேனேஜர்’ கவனித்துக்கொண்டால், தலைவாசலின் உள்முகவரி வழக்கமாக 10.42.0.1 என்றிருக்கும். பதில் வராவிட்டால் பழுது வை-ஃபையில். பதில் வந்து, அதே கம்ப்யூட்டரிலிருந்து 8.8.8.8-க்குப் பதில் வராவிட்டால், பழுது தலைவாசலின் உள்ளே, பிரித்தளிக்கும் வேலையில்.

ஓர் எச்சரிக்கை. சில இயந்திரங்கள் பிங்குக்குப் பதிலளிக்காதவாறு அமைக்கப்பட்டிருக்கும். எனவே ஓரிடத்திலிருந்து பதில் வராததை மட்டும் வைத்துத் தீர்ப்பளித்துவிடாமல், 1.1.1.1 போன்ற இன்னோர் எண்ணுக்கும் அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

தலைவாசலில் இருக்கிறது, உள்ளே வரவில்லை

மிகுதியாகக் குழப்பம் விளைவிப்பது இந்த நிலைதான். ஆகவே இதில் சற்று நின்று பார்ப்போம்.

‘நேற்றுவரை ஓடியது, மின்சாரம் போய் வந்தபின் ஓடவில்லை’ என்பது நோயின் அறிகுறியெனில், காரணம் அநேகமாக இதுவே: மகன் கையால் அடித்து வைத்த கட்டளைகள் நினைவில் மட்டும் இருந்திருக்கும், நிரந்தரமாக எழுதப்பட்டிராது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்ததும் மறந்துவிட்டது. லினக்ஸில் ‘ஐ.பி. ஃபார்வர்டு’ என்றோர் அமைப்பு உண்டு. அதன் மதிப்பு 1 என்றால் ஒரு பக்கம் வந்ததை மறுபக்கம் அனுப்பும். 0 என்றால் அனுப்பாது. லினக்ஸ் தன் இயல்பில் 0 என்றே வைத்துக்கொள்ளும். மாஸ்கரேடு விதியும் அவ்வாறே சேமிக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் மீண்டும் எழும்போது தாமாக வருகின்றனவா என்று மகனிடம் கேளுங்கள்; இன்ஷா அல்லாஹ் ஒரே நாளில் நிரந்தரமாகத் தீரும்.

மின்சாரம் போகவில்லை, திடீரென்று நின்றது என்றால், அந்தக் கம்ப்யூட்டரில் யார் என்ன புதிதாக ஏற்றினார்கள் என்று விசாரியுங்கள். கல்லூரியில் படிக்கும் இளையவர் பாடத்துக்காக ‘டாக்கர்’ என்ற மென்பொருளை அதில் நிறுவியிருப்பார். அது தன் பாதுகாப்புக்காக, கம்ப்யூட்டர் வழியே கடந்து செல்லும் போக்குவரத்து அனைத்தையும் தடுத்துவிடும் இயல்புடையது. 2017 முதல் அப்படித்தான். அவருடைய பாடம் ஓடும், வீட்டு இணையம் நின்றுவிடும். பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஒரு விதியைச் சேர்த்தால் இரண்டும் ஓடும். ஆயினும் தலைவாசலைத் தலைவாசலாக மட்டும் வைத்திருப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

‘ஃபைபர் பெட்டியை மாற்றிவிட்டுப் போனார்கள், அன்றிலிருந்து தொல்லை’ என்பது மூன்றாவது வகை. பழைய பெட்டியின் முகவரி வேறாக இருந்திருக்கும். புதிய பெட்டி 192.168.1.1 என்று வந்திருக்கும். மகன் வீட்டுக்குள் கொடுத்திருந்த முகவரிகளும் 192.168.1 என்றே தொடங்கினால், தலைவாசலுக்கு உள்ளே எது, வெளியே எது என்று தெரியாமல் போய்விடும். ஒரே பெயரில் இரு தெருக்கள் உள்ள ஊரில் தபால்காரர் படும் பாடுதான். உள்முகவரிகளை வேறு எண் வரிசைக்கு மாற்றுவதே வழி.

மாடியில் வை-ஃபை எட்டவில்லை என்று உறவினர் வீட்டிலிருந்து பழைய ரூட்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டுவதுண்டு. அதனால் வரும் தொல்லை வேறு விதம். சிலருக்கு வரும், சிலருக்கு வராது, காலையில் வந்தவருக்கு மாலையில் வராது. விருந்து வீட்டில் வருவோரை அமர்த்த ஒருவர் இருந்தால் பந்தி ஒழுங்காக நடக்கும். இருவர் நின்று ஆளுக்கொரு திசை காட்டினால்? முகவரி வழங்கும் டி.எச்.ஸி.பி. வேலையை அந்த ரூட்டரும் செய்கிறது, தலைவாசலும் செய்கிறது. ரூட்டரில் அந்த வேலையை அணைத்துவிட வேண்டும். இதற்கு மாறாக, ஒரு கம்ப்யூட்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்க ஒருவருமே இல்லை என்று பொருள்.

சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கின்றன என்றால், பொதியின் அளவைச் சந்தேகியுங்கள். பொதுவாக ஒரு பொதி 1500 பைட்டுகள் வரை செல்லும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.இ. வகை இணைப்பில் 1492 மட்டுமே செல்லும். அந்த எட்டு பைட்டுகளால் பெரிய பொதிகள் வழியில் நின்றுவிடுகின்றன. ‘எம்.எஸ்.எஸ். கிளாம்ப்’ என்று மகனிடம் சொல்லுங்கள், அவருக்கு விளங்கும்.

பழைய கம்ப்யூட்டர்களுக்கே உரிய நோய் ஒன்று இருக்கிறது. உள்ளே நாணயம் போன்ற சிறிய பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அதன் தேதி பல்லாண்டுகள் பின்னுக்குப் போய்விடும். தேதி தவறானால் வங்கித் தளம் முதற்கொண்டு எதுவும் அந்தக் கம்ப்யூட்டரில் திறவாது. ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கும். ஆகவே அந்த எச்சரிக்கை வந்தால், திரையின் மூலையில் தெரியும் தேதியை முதலில் பாருங்கள்.

ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையெனில், அது பழுதாக இல்லாமல் நீங்கள் கேட்டு வைத்த தடையாகவே இருக்கலாம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் 1.1.1.3 என்ற எண்ணில் குடும்பங்களுக்கான பெயரேட்டை நடத்துகிறது. ஆபாசத் தளங்களின் பெயர் அதில் கிடைக்காது. சிற்சில வேளைகளில் நல்ல தளங்களும் அதில் சிக்கக்கூடும். இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்ற அமைப்பை மாற்றினால், இந்தத் தடையைத் தாண்டிவிடலாம். வாசலில் பூட்டு இருக்கிறது என்று முழுவதும் நிம்மதியாக இருந்துவிடுவதற்கில்லை.

சோதனைக்காகத் திறந்த கதவு

பழுது பார்க்க வருவோர் பலர் முதலில் செய்வது, ‘பார்ப்போமே’ என்று வை-ஃபையின் பாஸ்வேர்டை எடுத்துவிடுவது. இணையம் வந்துவிடும், அவர் போய்விடுவார், கதவு திறந்தபடியே கிடக்கும். இதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளின்போது பத்திரிகை நிறுவனங்களுக்கு வந்த மின்னஞ்சல் எங்கிருந்து வந்தது என்று காவல்துறை தேடியபோது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டைச் சென்றடைந்தது. பாதுகாப்பின்றி இருந்த அவருடைய வை-ஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தனர். அவர் விசாரணைக்கு உள்ளாக நேர்ந்தது. ஒரு வெளிநாட்டவருக்கே அந்த நிலையென்றால், நம் வீட்டுப் பெயரில் அப்படியொரு முகவரி போய் நின்றால் என்னாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனவே எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பலன் இல்லையெனில் பழையபடி வைத்துவிட்டே அடுத்ததைத் தொடுங்கள். ஃபயர்வாலை அணைத்துப் பார்ப்பதும் இவ்வாறே. அண்டை வீட்டார் நம் இணைப்பைக் கேட்டால் கொடுப்பது குறித்து, இணைப்புத் தரும் நிறுவனத்தின் நிபந்தனை அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்வது முறை. அவர்களுடையதை நாம் அனுமதியின்றி எடுப்பது கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

இணையம் இருந்தும் பேச்சு அறுந்து அறுந்து கேட்பதுண்டு. குர்ஆன் வகுப்பில் உஸ்தாதின் குரல் விட்டுவிட்டு வரும். அந்த நேரத்தில் அடுத்த அறையில் யாரோ பெரிய விளையாட்டு ஒன்றைத் தரவிறக்கிக்கொண்டிருப்பார். குழாயில் நீர் இருக்கிறது. ஒருவரே அண்டாவை வைத்துவிட்டார். லினக்ஸில் 2018 முதல் இடம்பெற்றுள்ள ‘கேக்’ என்னும் வரிசை முறையை ஏற்படுத்தி, இணைப்பின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கை எல்லையாக வைத்தால், குரல் பொதிகள் காத்திருக்க நேராது. பழைய மடிக்கணினியாலும் இதைச் செய்ய முடியும். வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட நாட்டுக்கு மட்டும் அழைப்பு போகவில்லையெனில், தடை அந்த நாட்டில் இருக்கலாம். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகள் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்ததை நீங்கள் அறிவீர்கள்.

“மகனே அங்கிருந்து உள்ளே நுழைந்து சரிசெய்ய முடியாதா?” என்று கேட்கலாம். பல வீடுகளில் முடியாது. முகவரிப் பற்றாக்குறையால் இணைப்பு நிறுவனங்களே பல வீடுகளை ஒரு முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகின்றன. இதற்கென 2012-இல் 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்கள் ஒதுக்கப்பட்டன. உங்கள் ஃபைபர் பெட்டியின் வெளிமுகவரி அந்த வரிசையில் இருந்தால், வெளியிலிருந்து நேராக வர வழியில்லை. ஆகவே ஊருக்கு வந்திருக்கும்போதே அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து எழுதி வாங்கிவிடுங்கள்: தலைவாசலின் உள்முகவரி, ஃபைபர் பெட்டியின் முகவரி, எந்தக் கம்பி எந்தத் துளையில், எவற்றையெல்லாம் அவர் மாற்றி அமைத்தார், இணைப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண். பாஸ்வேர்டுகளைத் தனித் தாளில் எழுதி, நகைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையம் நிற்கும் நாளில் மேற்சொன்ன ஸலாம்களை அனுப்பி, எங்கே பதில் வந்தது, எங்கே வரவில்லை என்று திரையைப் படமெடுத்து, போனின் மொபைல் டேட்டா வழியாக அவருக்கு அனுப்புங்கள். அங்கே அவர் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும்போது நம் ஊரில் இஷா முடிந்திருக்கும். அதற்குள் எதையும் அழிக்கவும் வேண்டாம், புதிதாக ஏற்றவும் வேண்டாம்.